குக்கரில் எலுமிச்சைப் புல் தைலம் எடுக்கலாம் வாங்க

தேவையான பொருட்கள்: 5 லிட்டர் குக்கர், புல்லைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்க ஓட்டை போட்ட தட்டு, ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கும் 3/8 அங்குல செம்புக் குழாய் 3 மீட்டர், 15 லிட்டர் வாளி, கழுத்து குறுகிய கண்ணாடி பாட்டில். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தைலம் தீப்பற்றக்கூடியது, அதன் பக்கத்தில் தீ இல்லாததே நல்லது.

பனி காய்ந்ததும் புல்லை அறுத்து, ஒரு நாள் நிழலில் வாட விடுங்கள். அப்புறம் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். குக்கரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதன்மேல் தட்டு, தட்டின்மேல் அரை கிலோ புல். திணிக்க வேண்டாம். புல் மேலே வந்து ஆவி போகும் துளையை அடைத்தால் ஆபத்து. வெயிட்டைக் கழற்றிவிட்டு, அந்த மூக்கில் விரல் நீளச் சிலிக்கான் குழாய்த் துண்டைப் போட்டுச் செம்புக் குழாயை இணையுங்கள். முழு நீளத்துக்கும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வேண்டவே வேண்டாம். தைலம் அதை அரிக்கும், ரப்பர் வாடையும் ஏறிவிடும்.

இனி குளிர வைப்பது. செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து வாளித் தண்ணீருக்குள் வைத்து, அதன் கடைசி முனையைப் பாட்டிலில் விடுங்கள். எண்ணெய் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். இந்தத் தைலத்தில் முக்கால் பங்கு, எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் என்ற பொருள். தனியாகக் காய்ச்சினால் அது 220 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும். வந்த ஆவி முழுதும் குளிர்ந்தால்தான் நமக்கு லாபம். 1 லிட்டர் தண்ணீர் அளவு நீராவி குளிரும்போது, வாளியில் உள்ள 15 லிட்டர் தண்ணீரையும் 35 டிகிரி சூடாக்கிவிடும். வாளி வெந்நீரானதும் ஆவி அப்படியே வெளியேறும், வீடு மணக்கும், பாட்டிலில் ஒன்றும் இருக்காது. எனக்கு எண்ணெய் ஒழுங்காகக் கிடைத்தது, வாளித் தண்ணீரை ஓட விட்ட பிறகுதான். குளிர்ந்த நீரை வாளியின் அடியில் விடுங்கள், சூடானது மேலே வழிந்து போகட்டும். சுருளாக வளைத்த குழாய் தொடக்கம் முதல் கடைசி வரை கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் ஒரு வளைவு மேலேறினாலும் அங்கே நீர் தேங்கி, விட்டுவிட்டுப் பீறிடும். சொட்டும் நீரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடக்கூடாது.

சிறு சூட்டில் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் போதும். முக்கால் லிட்டர் சேர்ந்ததும் நிறுத்துங்கள், குக்கர் வறண்டுவிடக் கூடாது.

அரை கிலோ புல்லுக்கு 1 முதல் 2 மில்லி தைலம் வரும், அவ்வளவுதான். அகலப் பாத்திரத்தில் பார்த்தால் வெறும் மினுமினுப்பாகத் தெரியும். அதனால் ஒரு இரவு பாட்டிலில் அசையாமல் வையுங்கள். பிறகு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால், மிதக்கும் தைலம் குறுகிய கழுத்துக்கு ஏறிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்புங்கள். காற்று பட்டால் சிட்ரால் கெடும். மிச்சமிருக்கும் வாசனை நீரில் தரை துடைக்கலாம்.

தோலில் தடவ 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அப்படியே தடவக் கூடாது, குடிக்கவும் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பின்சேர்க்கை: மல்லிகையை இதே குக்கரில் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சூட்டில் அதன் மணம் கெட்டுப்போகும். தொழிற்சாலைகளில் கரைப்பான் ஊற்றித்தான் எடுக்கிறார்கள். நீலகிரி தைல மர இலை தாராளமாகப் போடலாம். அந்தத் தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே மட்டும் தடவாதீர்கள், மூச்சுத் திணறல் வரலாம். வெட்டிவேருக்கு ஒன்றரை மணி நேரம் போதவே போதாது. அரை நாளுக்கு மேல் ஆவி விட வேண்டும், அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டும்.