குறிப்பின் இரு முனைகளைப் பாருங்கள்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர்களில் 'கிரிப்டிக்' (சொல்விளையாட்டாகக் குறிப்பு தரும்) வகையைக் கண்டாலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு விதி பிடிபட்டால் பாதிப் பயம் போய்விடும்: விடையின் நேர்ப்பொருள் அநேகமாக எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோதான் இருக்கும். மற்ற சொற்கள் விடையை உருவாக்கும் வழியைச் சொல்பவை.

'லிசன் பேட்லி, கொயட்' (Listen badly, quiet) என்று ஆறெழுத்து விடைக்கான குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதை மறந்துவிடுங்கள். 'பேட்லி' என்பது எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்லும் சைகை. 'லிசன்' (LISTEN) என்பதன் ஆறு எழுத்துகளை இடம் மாற்றினால் 'சைலன்ட்' (SILENT)! இறுதியில் உள்ள 'கொயட்'தான் அதன் நேர்ப்பொருள். கேட்பதற்குள்ளேயே மௌனம் ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். 'புரோக்கன்', 'கன்ஃபியூஸ்டு' போன்ற சொற்களும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இறுதியில் கேள்விக்குறி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 'ஃப்ளவர் இன் லண்டன்?' (Flower in London?) என்றால் பூவைத் தேடாதீர்கள். 'ஃப்ளோ' (flow) என்றால் பாய்வது. அதோடு 'இஆர்' (er) சேர்ந்தால் பாய்வது எதுவோ அது. எழுத்துக்கூட்டல் பூவுக்குரியதேதான், உச்சரிப்பு மட்டும் வேறு. விடை தேம்ஸ் நதி.

ஒரு குறிப்பில் சிக்கிக்கொண்டால் அதை அப்படியே விட்டு, குறுக்கே வரும் சொற்களை நிரப்புங்கள். இரண்டு எழுத்து கிடைத்ததும் திரும்பி வாருங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது.