எல்லை தாண்டினால் ஊமையாகும் டிராக்கர்: என் அனுபவம்

சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் குளிர்பதன லாரிகளில் எங்கள் டிராக்கர்கள் (லாரி இருக்குமிடத்தை மொபைல் நெட்வொர்க் வழியாகச் சர்வருக்குச் சொல்லும் கருவிகள்) இருக்கின்றன, எல்லாமே ரோமிங் சிம். உட்லண்ட்ஸ் காஸ்வே தாண்டியதும் சில லாரிகள் காணாமல் போகும், டிராக்கரை அணைத்துப் போட்டாலும் திரும்பாது, ஆனால் பக்கத்து லாரி அதே நெட்வொர்க்கில் ஜம்மென்று பேசிக்கொண்டிருக்கும்.

வில்லங்கம் சிம்முக்குள். ஒரு நெட்வொர்க் அனுமதி மறுத்தால் அதன் எண் சிம்மில் உள்ள தடைப்பட்டியலில் ஏறிவிடும். மறுப்பு தற்காலிகக் கோளாறால் வந்திருந்தாலும் சரி, பவரை நிறுத்தினாலும் அது அழியாது. சிம்மின் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் மோடத்துக்கு (டிராக்கருக்குள் நெட்வொர்க்கோடு பேசும் பகுதி) கொடுக்கும் ஏடி+சிஆர்எஸ்எம் கட்டளையால், அந்தப் பட்டியல் இருக்கும் 28539 என்ற கோப்பைப் படித்தேன். மலேசியாவின் மொபைல் நாட்டு எண்ணான 502, இலக்கம் இடம் மாறி, '05 எஃப்2' என்று வரிசையாக நின்றது. எங்கள் சிம்மில் அந்தக் கோப்பு 12 பைட். எல்லாவற்றிலும் 'எஃப்எஃப்' (காலி என்று பொருள்) எழுதி மோடத்தை மறுபடி கிளப்பினேன், உடனே லாரி பேசியது. இப்போது நீண்ட நேரம் நெட்வொர்க்கில் பதிவு கிடைக்காவிட்டால் டிராக்கரே இதைச் செய்துகொள்கிறது.

அப்புறம் இன்னொன்று. மோடம் பதிவாகியிருக்கிறேன் என்று சொல்லும், தரவு மட்டும் போகாது. சும்மா கிடக்கும் இணைப்பை ஆபரேட்டரின் நாட் (பல கருவிகளை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கும் அமைப்பு) சத்தமில்லாமல் மறந்துவிடுகிறது, அந்தக் கெடு நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும். அதனால் டிராக்கரும் சர்வரும் பேசும் எம்க்யூடிடி நெறிமுறையில் கீப்அலைவ் நேரத்தை, அதாவது 'இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளியை, குறைத்தேன். மோடத்தின் பேச்சை நம்பவே வேண்டாம், சர்வரிலிருந்து பதில் வந்தால்தான் இணைப்பு உயிரோடு இருக்கிறது. பதில் இல்லையா, முதலில் தரவு இணைப்பைப் புதுப்பியுங்கள், பிறகு ரேடியோவை அணைத்துப் போடுங்கள், கடைசியாகத்தான் பவர். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், விடாமல் தட்டினால் ஆபரேட்டரே சிம்மை முடக்கிவிடலாம்.