பழைய பிக்அப்பின் துருவில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்அப் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிரைண்டரும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். துருவின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பாதீர்கள், கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நான் மனதில் வைத்து எழுதுவது 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த ஷெவர்லே 3100 ரகத்தை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலிருந்து 1954 வரை பம்பாயில் வண்டிகளைக் கோத்து விற்றது, அதனால் இந்தக் கம்பெனியின் பழைய வண்டிகள் இங்கேயும் கொஞ்சம் தப்பிக் கிடக்கின்றன. மகிந்திரா ஜீப் பிக்அப் வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பாத்ரூம் ஆசிட்

துருவின் மேல் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் குளோரைடு முழுதாக வெளியே வராது. மேலே பெயின்ட் பளபளக்கும், மடிப்பு உள்ளிருந்து தின்றுகொண்டே போகும். மூடியைச் சரியாக மூடாமல் வைத்தால், அந்த ஆவியில் பக்கத்து அலமாரியில் இருக்கும் ஸ்பேனர் எல்லாம் துருப்பிடிக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியை வாங்குங்கள். அதையும் திறந்த பரப்பில் மட்டும்தான்.

தாங்கு கொடுக்காமல் படியை அறுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வரவைப்பது இதுதான். காசும் இதில்தான் அதிகம் போகிறது.

இந்தக் கேபினில் துரு முதலில் பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பின் மூலைகளின் அடிப்பாகம், தரைத்தகடு, முன் தூணின் கால், கதவுக்கு அடியில் ஓடும் படி. எல்லாமே மண்ணும் ஈரமும் உள்ளே புகுந்து காய வழியில்லாத இடங்கள். அதில் படிதான் முன் தூணையும் பின் மூலையையும் உரிய தூரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. விரலால் குத்தினால் பொத்தல் விழும் நிலையில் இருந்தாலும் அந்த வேலையை அது செய்துகொண்டுதான் இருக்கும்.

புதிதாக வருகிறவர் என்ன செய்கிறார்? கேபினைச் சேஸிஸிலிருந்து தூக்கி நாலு மரக்கட்டை மேல் வைக்கிறார். கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்க்கிறார். இரண்டு பக்கப் படியையும் தரைத்தகட்டையும் ஒரே நாளில் அறுத்து எடுக்கிறார். துருவெல்லாம் போய்ச் சுத்தமாகிவிட்டது என்று போட்டோ வேறு அனுப்புகிறார். போட்டோ எடுக்கும்போதே கதவு வாசல் விரிந்துவிட்டிருக்கும், அல்லது ஒடுங்கியிருக்கும். கால் அங்குலம் நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையிலேயே புதுப் படியை வைத்து வெல்டு அடித்ததும் கோணல் நிரந்தரமாகிவிடும்.

மலையில் எஸ்டேட் ஒன்றில் ஓடிய வண்டி இப்படித்தான் எங்கள் கொட்டகைக்கு வந்தது. வேறொரு இடத்தில் டிங்கரிங், பெயின்டிங், குரோம் எல்லாம் முடிந்து, விழாவுக்குப் போகிற வண்டிபோல் நின்றது. இடது கதவைத் தூக்கிப் பிடித்து இடுப்பால் இடித்தால்தான் மூடும். வலது கதவின் மேல் மூலை பின் தூணில் உரசிப் பெயின்ட் சிராய்ந்திருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் முதலில் கீலுக்கு அடியில் வாஷர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பூட்டு மாட்டும் கொக்கியை ராவியிருக்கிறார்கள். கடைசியில் கதவின் விளிம்பையே தட்டி வளைத்து, இடைவெளியைப் பட்டியால் நிரப்பிவிட்டார்கள். காந்தத்தை வைத்தேன், நிற்கவில்லை. வழித்துப் பார்த்தால் விரல் தடிமனுக்குப் பட்டி.

"பெயின்டத் தொடாம முடிச்சுக் குடுங்கண்ணா" என்றார் வண்டிக்காரர். எப்படி முடியும்? புதுப் படியை மறுபடி அறுத்து, தூணை இழுத்து நிறுத்தி, கதவை நிமிர்த்தி, முழுக் கேபினுக்கும் மறுபடி பெயின்ட். ஒரே வேலைக்கு அவர் இரண்டு முறை பணம் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அறுத்த ஆளுக்கு ஒரே ஒரு இரும்புக் குழாய் வாங்கத் தோன்றவில்லை, அதுதான் கோபம்.

செய்ய வேண்டியது இதுதான். கேபின் சேஸிஸிலேயே போல்ட் போட்டு நிற்கட்டும், சேஸிஸ் மட்டமாக நிற்கட்டும். கேபினுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மக்கியிருந்தால் முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கோணலை அளந்துகொண்டிருப்பீர்கள். அடுத்து கதவுக் கீல். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கீல் ஊசி தேய்ந்து கதவு தொங்கும் வண்டியில், கதவைப் பார்த்து வாசலைச் சரிசெய்தால் நல்ல வாசலைக் கெடுத்ததாகத்தான் முடியும். புது ஊசி, புஷ் போட்டு, கதவு ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே இடைவெளியைப் பாருங்கள்.

வாசலின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து கேபின் சுவரிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள், தாளில் எழுதினால் தொலைந்துவிடும். இந்த வாசல் நேரான செவ்வகம் இல்லை, அதனால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வராது. இடது வாசலின் அளவோடு வலது வாசலை ஒப்பிட வேண்டும். பிறகு ஒரு அங்குலச் சதுரக் குழாயை முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒன்று என்று உள்பக்கமாக டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்துப் பிடியுங்கள். கதவை மாட்டி மூடிப் பார்க்க வசதியாகக் குழாய் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்து கதவு சரியாக மூடினால்தான் மறுபக்கத்தில் கிரைண்டர் படலாம். புதுப் படியை முதலில் கிளாம்ப் போட்டு, கதவை மூடிப் பார்த்து, டாக் வைத்து, மறுபடி மூடிப் பார்த்து, அதற்கப்புறம்தான் முழு வெல்டு. சலிப்பாகத்தான் இருக்கும்.

ஜி.ஐ. தகடு

"துருவே பிடிக்காதே" என்று ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு தகட்டில் ஒட்டுப் போடுகிறார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். எனவே வெல்டு வைக்கிற இடத்தில் பூச்சு ஓடிப்போய், ஒட்டு முழுக்க ஊசித்துளையாகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். எங்களிடம் இருந்த பையன் ஒருவன் டைஃபாய்டு என்று ரத்தப் பரிசோதனைக்கே போய்விட்டான். சாதாரண சி.ஆர். (கோல்ட் ரோல்டு, பூச்சு இல்லாத) இரும்புத் தகடு, 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. போதும். பழைய தகட்டின் மேல் ஏற்றி ஒட்டாமல் விளிம்போடு விளிம்பு சேருங்கள். ஒரே மூச்சில் கோடு இழுக்காமல், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, கை வைக்கிற அளவு ஆறிய பிறகு அடுத்த புள்ளி.

மணல் அடிப்பது

காற்றழுத்தத்தில் மணலை அடித்துத் துரு எடுப்பது சேஸிஸுக்குச் சரி. பானெட், கூரை, கதவின் வெளித்தகடு மூன்றிலும் வேண்டாம். மணல் படுகிற முகம் மட்டும் அடிபட்டு நீளும், தகடு அப்பளம்போல் உப்பிவிடும். தட்டி எடுக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் எடுக்கிற ஆள் இப்போது அரிது.

பெட்ரோல் டாங்க்

1949 முதல் இந்த வண்டிகளில் டாங்க் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால். காலி டாங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள்.

கதவின் வடிகால் துளை

பட்டியாலும் சீலண்டாலும் அடைக்காதீர்கள்.

இறக்குமதித் தகடு

அமெரிக்காவில் இந்த வண்டிக்குப் புதுத் தகடுகள் இன்றும் கிடைக்கின்றன. கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி வரவழைத்துப் பிரித்த பிறகுதான் கவனிப்பார்கள்: கிளட்ச், பிரேக் பெடல் தரையைத் துளைத்து வருகிற வண்டி இது, வந்த தகட்டில் அந்தத் துளைகள் இடது பக்கம் இருக்கும். நம் வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். பழைய தரைத்தகட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் பெடல் துளைகளை அட்டையில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட் ஆக்சைடு

அடித்துவிட்டு ஐப்பசி மழையில் வெளியே நிறுத்துகிறார்கள். அது ஈரத்தை உள்ளே விடும் பிரைமர், மேலே பூச்சு வராத வரை காவல் இல்லை. சுத்தம் செய்த அன்றே இபாக்சி பிரைமர், பட்டி அதற்கு மேல்.

சேஸிஸ் எண்

துரு எடுக்கிற வேகத்தில் வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டரை எண் பொறித்த இடத்தில் ஓட்டிவிடுவார்கள். ஆர்.டி.ஓ.வில் பிறகு யாரும் உங்கள் கதையை நம்பமாட்டார்கள். கையால் தேய்த்து, கிரீஸ் தடவி, டேப் ஒட்டிவிடுங்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு விண்டேஜ் வண்டியாக 'வி.ஏ.' வரிசை எண்ணில் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பின் தொட்டியைச் சுருக்குவது, சேஸிஸை வெட்டி ஒட்டுவது போன்ற யோசனை இருந்தால், கிரைண்டரை எடுப்பதற்கு முன்பே அந்த விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.