ஆர்ஃபோர்ட் நெஸ்: குண்டு சோதித்த கடற்கரையில் முதல்முறை நடக்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக்கில், ஆர்ஃபோர்ட் என்ற சிற்றூருக்கு எதிரே ஒரு நீண்ட கூழாங்கல் நிலம் கடலோரமாகவே தெற்கே ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வடக்கிலிருந்து வரும் அலைகள் கல்லைத் தள்ளித் தள்ளிக் குவித்து இதை வளர்த்தன. ஆல்டு ஆறு கடலுக்கு மிக அருகே வந்தும் இந்தக் கல்மேட்டைத் தாண்ட முடியாமல் தெற்கே திரும்பி, வெகுதூரம் சுற்றித்தான் கடலில் சேர்கிறது. 1913 முதல் 1980கள் வரை இந்த நிலம் ராணுவச் சோதனைக் களமாக இருந்தது. 1993இல், பழமையான இடங்களையும் இயற்கையையும் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் இதை வாங்கியது. இப்போது இது இயற்கைக் காப்பிடம். யாரும் நடந்து பார்க்கலாம்.

ஆனால் நினைத்த நேரத்தில் போய் நடந்துவிட முடியாது.

1. படகுக்கு முன்பதிவு செய்யுங்கள்

ஆர்ஃபோர்ட் படகுத்துறையிலிருந்து ஆற்றைக் கடக்கும் படகுதான் வழி. ஆண்டு முழுக்க எல்லா நாளும் ஓடாது. ஒரு நாளில் ஏற்றும் ஆட்களுக்கும் வரம்பு உண்டு. நேஷனல் டிரஸ்டின் இணையதளத்தில் திறந்திருக்கும் நாட்களைப் பார்த்து முதலில் படகைப் பதிவு செய்யுங்கள், பயணத்தைப் பிறகு திட்டமிடுங்கள். லண்டனிலிருந்து ரயிலில் வந்தால் இப்ஸ்விச்சில் மாறி, லோஸ்டாஃப்ட் போகும் ரயிலில் மெல்டனிலோ விக்கம் மார்க்கெட்டிலோ இறங்கி, அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும்.

நாயைக் கூட்டி வராதீர்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளின் இடம் இது.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், மதிய உணவு, காற்றைத் தடுக்கும் மேற்சட்டை, தொப்பி. மரமே இல்லாத வெளி. வெயிலுக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. கணுக்காலைப் பிடித்து நிறுத்தும், அடிப்பாகம் தடித்த காலணி அணியுங்கள். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பாதி விஷயங்களைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும்.

3. அம்புக்குறியை ஏன் விடக்கூடாது என்று முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள்

படகிலிருந்து இறங்கியதும் பணியாளர்கள் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் முதன்மையானது, அம்புக்குறியிட்ட பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது என்பது. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, வெடிக்காத குண்டுகள். பல பத்தாண்டுகள் விமானங்கள் இங்கே குண்டுகளைப் போட்டுச் சோதித்தன. அவற்றில் சில இன்னும் கல்லுக்குள் கிடக்கக்கூடும். துருப்பிடித்த உலோகம் எதையாவது கண்டால் தொடாதீர்கள், காலால் புரட்டியும் பார்க்காதீர்கள்; பணியாளரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம்தான் என் மனதுக்கு நெருக்கமானது. பார்வைக்கு வெறும் கல்லாகத் தெரியும் இந்தத் தரையில் செடிகள் வாழ்கின்றன. புயல் அலைகள் குவித்த கல்வரப்புகள் அடுத்தடுத்து வரிசையாகக் கிடக்கும். பெருங்கற்களுக்கிடையே தண்ணீர் நிற்காது. பொடிக்கற்களும் மக்கிய தூசியும் சேர்ந்த கோடுகளில் மட்டும் ஈரம் தங்கும், அங்கேதான் வேர் இறங்கும். ஒருவர் மிதித்தாலே அந்த அடுக்கு கலைந்துவிடும். ராணுவ வண்டிகள் ஓடிய தடங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் அழியவில்லை. இப்படிச் செடி வளர்ந்த கூழாங்கல் கரை உலகத்திலேயே அரிது. நாம் பாதைக்குள் நிற்பதால்தான் அது பிழைக்கிறது.

4. சிவப்புப் பாதையில் நடங்கள்

புதியவர்களுக்கு ஏற்றது சிவப்பு அம்புக்குறிப் பாதை. போய்வர ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மற்ற பாதைகள் பருவத்தைப் பொறுத்துத் திறக்கும். முதல் தடவைக்கு இது ஒன்றே போதும்.

முதல் பகுதி சதுப்பு நிலத்தின் நடுவே போகும் பழைய சாலை. நடப்பதற்கு எளிது, ஆனால் வேகமாகக் கடந்துவிடாதீர்கள். இருபுறமும் தேங்கிய நீரில் கோணமூக்கு உள்ளானும் கரண்டிவாயனும் மேயும். மேலே சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்துகொண்டிருக்கும். புல்லில் ஏதோ கல் கிடப்பதாகத் தோன்றினால் நின்று பாருங்கள், பெரிய காட்டு முயலாக இருக்கலாம். சீன நீர்மானும் இங்கே உண்டு.

பிறகு ஸ்டோனி டிட்ச் என்ற, கடல் ஓதம் ஏறி இறங்கும் ஓடையின் மேல் பாலம் வரும். அதைத் தாண்டினால் தரை மாறிவிடும், கல் தொடங்கிவிடும். இங்கே எட்டி எட்டி நடந்தால் கெண்டைக்கால் சீக்கிரமே வலிக்கும். சின்ன அடிகளாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி, முன்பே நடந்து இறுகிய தடத்தில் நடங்கள்.

கண்ணைக் கீழே வைத்திருங்கள். கோடையில் மஞ்சள் கொம்புப் பாப்பி என்ற பூச்செடியும், ஊதா நிறப் பூவோடு தரையில் படரும் கடற்பட்டாணியும் தெரியும். 1555இல் பஞ்சம் வந்தபோது இந்தக் கரை மக்கள் அந்தப் பட்டாணியைத் தின்றுதான் உயிர் தப்பினார்கள் என்று ஒரு பழைய செய்தி உண்டு.

5. கட்டடங்களைப் பாருங்கள்

குண்டு எப்படி விழுகிறது என்று அளக்க 1933இல் கட்டிய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறலாம். நிலத்தின் அமைப்பு முழுவதும் அங்கிருந்து விளங்கும்: கல்வரப்புகள், சதுப்பு, ஆறு, கடல். கல்வரப்பைப் பற்றி மேலே படித்ததைக் கண்ணால் சரிபார்க்க இதைவிட நல்ல இடமில்லை. அடுத்தது 1928இல் கட்டிய கருப்பு பீக்கன் என்ற கோபுரம். விமானங்களுக்கு ரேடியோவால் திசை காட்டும் சோதனைக்காக எழுந்தது.

1935இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டின் குழு ராடார் ஆராய்ச்சியைத் தொடங்கியது இங்கேதான். அடுத்த ஆண்டே பக்கத்து பாவ்ட்சி மாளிகைக்கு இடம் மாறிவிட்டார்கள்.

தொலைவில் தூண்கள்மேல் கனத்த கூரையோடு நிற்கும் இரண்டு கட்டடங்களைப் 'பகோடாக்கள்' (கிழக்காசியப் புத்தக் கோயில் கோபுரத்தின் பெயர்) என்று அழைக்கிறார்கள். அணுகுண்டின் பாகங்கள் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்குமா என்று சோதித்த ஆய்வுக்கூடங்கள் அவை. உள்ளே வெடித்தால் கூழாங்கல் சுமந்த கூரை இடிந்து விழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும்படி கட்டியிருக்கிறார்கள். வழக்கமான நாளில் தூரத்திலிருந்து மட்டும்தான் பார்க்கலாம். இருநோக்கி இங்கேதான் கைகொடுக்கும்.

பழைய படங்களில் பார்த்த கலங்கரை விளக்கத்தைத் தேடாதீர்கள். 1792இல் கட்டியது, கடல் அரித்துக்கொண்டே வந்ததால் 2013இல் விளக்கை அணைத்தார்கள், 2020இல் இடித்தார்கள். இந்தக் கரையில் கடல் வளர்ப்பதும் உண்டு, எடுத்துக்கொள்வதும் உண்டு.

6. திரும்பும் நேரம்

கடைசிப் படகு எப்போது என்று போகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் நடை மெதுவாகும் என்பதால், பாதித் தூரம் போனதும் ஒருமுறை கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் போதாது என்று தோன்றினால் கருப்பு பீக்கனை விட்டுவிடுங்கள், பாதையை மட்டும் குறுக்கே வெட்டாதீர்கள். பகோடாக்களை அருகில் போய்ப் பார்க்கும் ஆசை வந்துவிட்டால், வழிகாட்டியோடு அழைத்துப் போகும் நடைகளுக்குத் தனியாகப் பதிவு செய்து இன்னொரு நாள் வரலாம்.