கல் பவளங்கள்: கொல்வது பெரும்பாலும் நம் அவசரம்தான்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் அக்ரோபோரா என்ற கல் பவளம் செத்துப்போனால் எல்லோரும் முதலில் விற்ற கடையைத்தான் திட்டுவார்கள். தொட்டியில் கடைசி ஒரு மாதம் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்: புது உப்பு, புது விளக்கு, புது மருந்து. காரணம் அதற்குள்தான் இருக்கும்.

இதில் மோசமானது ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரின் காரத்தன்மை அளவை, ஒரே நாளில் சரிசெய்யப் பார்ப்பது. கூட்டைக் கட்டப் பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டே இருக்கும். வளர வளர இந்தச் செலவு கூடும். ஒரு நாள் டெஸ்ட் கிட் 6.5 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு) என்று காட்டும். உடனே ஆல்கலினிட்டியை ஏற்றும் பஃபர் உப்பைக் கொட்டி 9க்கு ஏற்றுவார்கள். 6.5இல் எப்படியோ சமாளித்துவந்த பவளம், இந்தத் தாவலில் அடிப்பகுதியிலிருந்து சதை உரிய ஆரம்பித்துவிடும். கடல்நீரிலேயே ஏறத்தாழ 7தான். 7.5 ஆனாலும் 8.5 ஆனாலும் சரி, ஒரே இடத்தில் நிற்கட்டும்.

முதலில் இன்னொரு முறை அளங்கள், கிட்டும் தவறும். அப்புறம் நாளுக்கு அரை டிகேஎச் அளவில் ஏற்றுங்கள். தேவையான அளவுக்கு வந்ததும் சில நாள் எதுவும் ஊற்றாமல் தினமும் ஒரே நேரத்தில் அளந்தால் அன்றாடச் செலவு தெரிந்துவிடும். அதை மட்டும் ஈடுசெய்தால் போதும்.

தண்ணீரைப் பளிங்காக வைக்கிறேன் என்று நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது இன்னொரு தவறு. பவளமும் பட்டினி கிடக்கும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரிப் படலமும் படரும். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் பக்கம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

நிறம் மாறினால் உடனே விளக்கைத் திருகாதீர்கள். பழுப்பேறினால் உள்ளே வாழும் பாசி பெருகியிருக்கிறது. பவளம் உயிரோடுதான் இருக்கிறது. வெளுத்தாலும் சதை கண்ணாடி மாதிரி மேலே இருந்தால் மீள வாய்ப்புண்டு. வெளிச்சமோ வெப்பமோ மிகுந்திருக்கலாம். சதையே போய் எலும்பு தெரிந்தால் அது வேறு சிக்கல், விளக்கால் தீராது.

சன் கோரல் என்ற பவளம் வெளிச்சம் கேட்காது என்பதால் சுலபம் என்று வாங்குகிறார்கள். அதனுள் வெளிச்சத்தில் உணவு தயாரித்துத் தரும் பாசியே கிடையாது, எல்லாம் நாம் ஊட்டுவதுதான். வாரத்தில் சில நாளாவது ஒவ்வொரு வாய்க்கும் மைசிஸ் இறால் கொடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றாதீர்கள். உப்பு ஆவியாகாது, ஆர்ஓ நன்னீர்தான் ஊற்ற வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தவறுகளின் பட்டியல் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். "எல்லோரும் விற்கிறார்களே" என்பது பதிலாகாது.

சட்டப்படி வளர்ப்புத் துண்டு கிடைக்கும் சிங்கப்பூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள், வாங்கியதை நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள். பவளத்தை முக்கியெடுக்கும் டிப் கரைசல் அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவை உதிர்க்கும். அதன் முட்டைகள் தப்பிவிடும். அடிப்பகுதியில் பழுப்புத் திட்டாக ஒட்டியிருப்பவற்றைச் சுரண்டி எடுத்து, துண்டு ஒட்டியிருக்கும் பிளக் என்ற அடிக்கட்டையையும் வெட்டி எறிந்துவிடுங்கள். அதன் பிறகும் சில வாரம் தனித்தொட்டியில் வைத்து மீண்டும் மீண்டும் டிப் செய்ய வேண்டியிருக்கும்.