ரோவனியெமிக்குப் போகத் திட்டமிடுவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

பின்லாந்தின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கும் ரோவனியெமிக்கு இரண்டு முறை போய் வந்தேன். முதல்முறை டிசம்பரில், அம்மாவோடு. இரண்டாம் முறை மார்ச்சில். முதல் பயணத்தில் தப்பாகப் போட்ட கணக்குகளை இரண்டாவதில் திருத்திக்கொண்டேன். நீங்கள் முதல்முறையே சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பலர் இதை "சாண்டா கிளாஸ் ஊர்" என்று மட்டும் நினைத்துப் போகிறார்கள். எனக்கு இது ஓர் ஆற்றங்கரை ஊர். வடமேற்கிலிருந்து ஓவ்னாஸ்யோகியும் வடகிழக்கிலிருந்து கெமியோகியும் வந்து இங்கே கூடுகின்றன. பின்னிஷ் மொழியில் "யோகி" என்றால் ஆறு. கெமியோகி 550 கிலோமீட்டர் ஓடும், பின்லாந்தின் மிக நீளமான ஆறு. அதில் வரிசையாக மின்நிலையங்கள் கட்டிவிட்டார்கள். ஓவ்னாஸ்யோகியில் மட்டும் அணை கட்டக் கூடாது என்று 1983இல் சட்டமே போட்டார்கள். இரண்டு நீரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தங்கினால் பாதிப் பயணம் நடந்தே முடிந்துவிடும்.

படி 1: ஊரை அல்ல, மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

விமானச் சீட்டு, விடுதி எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடிவு செய்யுங்கள். நான் தடுமாறியது இங்கேதான்.

டிசம்பர் மூன்றாம் வாரம் போனோம். காலை 9 மணிக்குக் கிளம்புவது, மாலை 5 வரை சுற்றுவது என்று நம் ஊர்க் கணக்கில் நாளை நிரப்பி வைத்திருந்தேன். அங்கே அப்போது சூரியன் 11 மணிக்கு மேல்தான் எழும்பும், ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும். அதற்கு முன்னும் பின்னும் நீண்ட நேரம் நீல நிற அந்தி. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் போட்டிருந்த பட்டியலில் பாதி இருட்டில் போயிற்று. மேகமும் விலகவில்லை. நான்கு இரவிலும் துருவ ஒளி தெரியவில்லை. கிறிஸ்துமஸ் காலம் என்பதால் விடுதி வாடகையும் உச்சத்தில் இருந்தது.

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாட்டம்தான் வேண்டும், குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால் டிசம்பர். பகல் இரண்டு மணிநேரம்தான் என்பதை ஏற்றுக்கொண்டு போங்கள்.

பனியும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், துருவ ஒளிக்கு வாய்ப்பும் வேண்டும் என்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை. ஆறு இன்னும் உறைந்திருக்கும், பகல் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் இருக்கும், வானமும் டிசம்பரைவிடத் தெளிவாக இருக்கும். என் பரிந்துரை இதுதான்.

குளிர் ஒத்துக்கொள்ளாது என்றால் செப்டம்பர். காட்டு மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறும், இதை அவர்கள் "ருஸ்கா" என்கிறார்கள். ஆறு உறைந்திருக்காது என்பதால் துருவ ஒளி தண்ணீரிலும் தெரியும்.

ஜூனில் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை சூரியன் மறையாது. நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க அது சரியான காலம். துருவ ஒளிக்கு அந்தக் காலத்தில் வாய்ப்பே இல்லை. ஒளி வானத்தில் இருந்தாலும் இருட்டு இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது.

படி 2: விசா

வழக்கமான ஷெங்கன் விசாதான். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாள் இருக்கும்போது விண்ணப்பிப்பது கடைசி எல்லை, அதுவரை காத்திருக்காதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

படி 3: ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே

விமானத்தில் ஒன்றரை மணிநேரத்துக்குள் போய்விடலாம். நான் இரவு ரயிலைத்தான் சொல்வேன். சுமார் 12 மணிநேரம், ஒரு இரவு வாடகையும் மிச்சம். காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய பைன் காடு ஓடிக்கொண்டிருக்கும். அம்மா அந்தப் பயணத்தை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டடுக்குப் பெட்டியில் மேல்தள அறைகளில் தனிக் கழிப்பறையும் குளியலும் உண்டு. கீழ்த்தளத்தில் கழிப்பறை பொது. வயதானவர்கள் கூட வந்தால் மேல்தளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் உள்ளே படி ஏற வேண்டும். அறை குறுகல். பெரிய பெட்டி இரண்டு வைத்தால் நிற்க இடம் இருக்காது, நடுத்தர அளவுப் பெட்டியே போதும். சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும், தேதி உறுதியானதும் வாங்கிவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். வெளிநாட்டிலிருந்து ஹெல்சிங்கி விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் நகரத்துக்குள் போக வேண்டியதே இல்லை. இரவு ரயில் டிக்குரிலா என்ற நிலையத்திலும் நிற்கும். அது விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள். சீட்டு வாங்கும்போதே ஏறுமிடம் டிக்குரிலா என்று போடுங்கள்.

விமான நிலையத்துக்கு அடியில் உள்ள நிலையத்திலிருந்து இரண்டு உள்ளூர் ரயில்கள் கிளம்பும். ஒன்றின் பெயர் ஐ (I), மற்றொன்றின் பெயர் பி (P), பலகையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். இரண்டுமே "ஹெல்சிங்கி" என்றுதான் காட்டும், ஏனென்றால் இது ஒரு வட்டப் பாதை. இரண்டும் எதிரெதிர் பக்கமாகச் சுற்றி அதே ஊருக்குத்தான் போகின்றன. டிக்குரிலா விமான நிலையத்துக்குக் கிழக்கே. அந்தப் பக்கம் போவது பி ரயில்.

நாங்கள் ஐ ரயிலில் ஏறிவிட்டோம். முதலில் வந்தது அதுதான், ஹெல்சிங்கி என்று போட்டிருந்தது, ஏறினோம். மூன்று நிலையம் தாண்டியும் டிக்குரிலா வராததால் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன், நாங்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். இறங்கி, எதிர்த் தடத்தில் வந்த பி ரயிலில் ஏறி, மறுபடி விமான நிலையம் வழியாகவே டிக்குரிலா வந்து சேர்ந்தோம். கையில் இரண்டு மணிநேரம் இருந்ததால் இரவு ரயில் தப்பவில்லை. அம்மாவைப் பெட்டியோடு குளிரில் நிற்க வைத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சோதித்துக்கொள்ள எளிய வழி: ஏறியதும் அடுத்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள். லெய்னெலா என்றால் சரியான ரயில். அவியாபோலிஸ் என்றால் தவறான பக்கம், அங்கேயே இறங்கித் திரும்புங்கள்.

படி 4: எங்கே தங்குவது

கண்ணாடிக் கூரைக் குடில்கள் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வாடகை மிக அதிகம், பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும், மேகம் இருந்தால் கூரையில் தெரிவது மேகம்தான். எனக்கு ஊருக்குள், ஆற்றிலிருந்து பத்து நிமிட நடையில், சமையலறை உள்ள ஒரு குடியிருப்பு போதும். அந்தப் பணத்தில் இரண்டு இரவு கூடுதலாகத் தங்கலாம். துருவ ஒளிக்கு அதிக இரவுகள் இருப்பதுதான் உண்மையான உதவி. குறைந்தது நான்கு இரவு வையுங்கள்.

படி 5: உடை

பருத்தியைத் தோலோடு ஒட்டி அணியாதீர்கள். நம் ஊருக்குப் பருத்தியைவிட நல்லது இல்லை, அங்கே அது ஆகாது. நடக்கும்போது வரும் வியர்வையைப் பருத்தி பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரமே உடம்பைக் குளிர வைக்கும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் இன்னொரு கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்று புகாத மேலாடை. காலணி ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறை போட்டு விரல்கள் இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

பெரிய குளிர்கோட்டைப் புதிதாக வாங்க வேண்டாம். ரோவனியெமியிலேயே முழு உடையும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கும், பனிவண்டிப் பயணங்களில் அவர்களே கொடுத்துவிடுவார்கள். உள்ளாடையில் மட்டும் பணம் போடுங்கள்.

கைபேசியை உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கடுங்குளிரில் மின்கலம் பாதி இருக்கும்போதே அணைந்துவிடும்.

படி 6: பகலில்

ஆர்க்டிகும் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 1992இல் திறந்தது. 172 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூடம் ஒன்று நேராக வடக்கே, ஓவ்னாஸ்யோகி ஆற்றை நோக்கி நீள்கிறது. உள்ளே போரைப் பற்றிய பகுதியை அவசரப்படாமல் பாருங்கள். 1944 அக்டோபரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை இந்த ஊரை எரித்துவிட்டுப் போனது, கட்டடங்களில் பத்தில் ஒன்பது அழிந்தன. அதற்குப் பிறகு பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ கலைமான் கொம்பு வடிவில் ஊரைத் திரும்ப வரைந்தார். இதைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தால் பழைய கட்டடங்கள் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றாது. ஆல்டோவின் நூலகத்துக்குள்ளும் போய் உட்காருங்கள், கட்டணம் கிடையாது.

அப்புறம் கெமியோகியின் மேல் உள்ள யாட்கான்கின்டிலா பாலம். "மரவெட்டியின் மெழுகுவர்த்தி" என்று பொருள். 1989இல் கட்டியது, உச்சியில் இரவெல்லாம் விளக்கு எரியும். இந்த ஆற்றில்தான் வெட்டிய மரங்களை மிதக்கவிட்டுக் கடல்வரை கொண்டுபோனார்கள், 1991 வரை அது நடந்தது. பாலத்தைக் கடந்தால் ஓவ்னாஸ்வாரா குன்று, மேலிருந்து பார்த்தால் ஆறு ஊரைச் சுற்றிப் போவது தெரியும். பனி மேல் நடக்கும்போது ஒன்று: உறைந்த ஆற்றில் குறி போட்ட பாதையில் மட்டும் போங்கள். நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும், மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சாண்டா கிளாஸ் கிராமம் ஊருக்கு வடக்கே 8 கிலோமீட்டர். உள்ளூர்ப் பேருந்து போகிறது, வாடகை வண்டி வேண்டாம். அவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, அங்கே எடுக்கும் படத்துக்குத்தான் பணம். தபால் நிலையத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் போட்டால் உடனே போகும், மற்றதில் போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் போகும். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். தரையில் ஆர்க்டிக் வட்டக் கோடு வரைந்திருக்கிறார்கள். உண்மையான வட்டம் ஆண்டுக்குச் சுமார் 14 மீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது.

படி 7: இரவில் துருவ ஒளி

பின்னிஷ் மொழியில் இதற்கு "ரெவொன்துலெத்" என்று பெயர், நரி நெருப்பு. எல்லோரும் கே.பி. (Kp) எண்ணைப் பார்க்கிறார்கள், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு அது. அங்கே 2, 3 இருந்தாலே போதும். நீங்கள் பார்க்க வேண்டியது மேக வரைபடம். பின்லாந்து வானிலை நிறுவனத்தின் தளத்தையே நான் நம்புகிறேன், மற்ற செயலிகள் தேவையில்லை. மேகம் இல்லையென்றால் ஆர்க்டிகும் பின்னால் உள்ள ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போய் வடக்கே பார்த்து நில்லுங்கள். கைபேசித் திரையை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். மார்ச்சில் மூன்றாம் இரவு, மெல்லிய சாம்பல் மேகம் என்று நினைத்தது அசையத் தொடங்கியது. பிறகுதான் பச்சை தெரிந்தது. அன்று உறைந்த ஆற்றின் முன்னால் ஒரு மணிநேரம் நின்றேன்.

ஊருக்குள் தெரியவில்லை, மறுபக்கம் வானம் தெளிவு என்றால் மட்டும் வண்டியில் கூட்டிப்போகும் பயணத்துக்குப் பணம் கொடுங்கள். அதையும் அன்று மாலை மேகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சேர்த்தது: சைவ உணவு

இதை எழுதிய பிறகு சைவம் பற்றிப் பலர் கேட்டார்கள். "கஸ்விஸ்" என்றால் காய்கறி உணவு, அந்தச் சொல்லைத் தேடுங்கள். ஒருவர் உணவுப் பட்டியலில் "வி.எல்." என்று ஆங்கில எழுத்தில் இருந்ததைச் சைவம் என்று நினைத்து வாங்கிவிட்டாராம். அது லாக்டோஸ் குறைவு என்பதன் குறி, இறைச்சி உணவிலும் இருக்கும். கேட்காமல் எடுக்காதீர்கள்.

மதிய உணவை "லௌனஸ்" என்ற பலகை வைத்த இடத்தில் சாப்பிடுங்கள். பகல் நேரத்தில் மட்டும் கிடைக்கும், இரவு விலையைவிடக் குறைவு, சாலடும் ரொட்டியும் தாராளம். கார்யலன்பீரக்கா என்று ஒன்று உண்டு, ரை (rye) என்ற தானியத்தின் கரிய மாவில் செய்த ஓட்டுக்குள் குழைந்த அரிசிக் கஞ்சி. அம்மா தினமும் காலையில் அதைத்தான் சாப்பிட்டார்.

குடியிருப்பில் சமைப்பவர்கள் பூரோரீசி என்ற கஞ்சி அரிசியை வாங்குங்கள். குட்டை அரிசி, நன்றாகக் குழையும். "மௌஸ்தமதோன் யோகுர்த்தி" என்பது இனிப்புச் சேர்க்காத தயிர். இரண்டும் இருந்தால் தயிர்சாதம் ஆயிற்று. ஊறுகாயும் கடுகும் மட்டும் கொண்டுபோனால் போதும்.

இன்னொரு சேர்க்கை: திரும்பும்போது

"அப்படியானால் திரும்பும்போதும் பி ரயில்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. டிக்குரிலாவில் இறங்கி விமான நிலையத்துக்குப் போக ஐ ரயிலில் ஏற வேண்டும், அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருவது. பி ரயிலில் ஏறினால் ஹெல்சிங்கிக்குள் கொண்டுபோய்விடும். போகும்போது பி, வரும்போது ஐ என்று ரயில் சீட்டின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.