பள்ளி விவாத அணியைத் தயார்செய்வது எப்படி: வீராணம் ஏரியை முன்வைத்து

கடலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் விவாதப் போட்டிக்கு அழைப்பு வந்தவுடன், சென்ற ஆண்டு பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய மாணவர்களையே மேடைக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. என் அனுபவத்தில் முதல் பிழை அங்கேதான் நேர்கிறது. பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் போதும். விவாதத்திலோ எதிரணியினர் வாய் திறந்த பிறகே பாதி வேலை தொடங்குகிறது. மூவர் அணியாக இருந்தால், குரல்வளமும் உச்சரிப்புத் தெளிவும் உள்ள ஒருவரையும், கணக்கில் தடுமாறாத ஒருவரையும், வகுப்பில் "அது எப்படி சார்?" என்று விடாமல் கேட்டு ஆசிரியர்களின் பொறுமையைச் சோதிக்கும் ஒருவரையும் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்றாவது பிள்ளையை மேடையில் ஏற்றப் பல ஆசிரியர்கள் தயங்குவார்கள். மறுப்புரைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.

முதலில் பேசுபவர் தலைப்பிலுள்ள சொற்களுக்கு எல்லை வகுக்க வேண்டும். இரண்டாமவர் சான்றுகளை அடுக்க வேண்டும். மூன்றாமவர் எதிரணிக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாமவருக்கு முன்கூட்டியே உரை எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் எதிரே நடப்பதைக் கவனிக்காமல் அந்த உரையையே ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவார்.

பல போட்டிகளில் ஆதரித்துப் பேசுவதா, எதிர்த்துப் பேசுவதா என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு உழைப்பைச் செலுத்தியாக வேண்டும். 'வீராணம் ஏரி நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்வது நியாயமா?' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோவில் பகுதிப் பிள்ளைகளுக்கு இது வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு. ஆகையால் கோபம் தானாக வந்துவிடும், சான்றுதான் வராது. முதல் நாள் மாலை கரும்பலகையில் தகவல்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 47.5 அடி, பாசனப் பரப்பு சுமார் 45,000 ஏக்கர், 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்லும் நீர், திட்ட அளவின்படி நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர், அதாவது 18 கோடி லிட்டர்.

இந்த இடத்தில் எங்கள் அணி பட்ட அடியைச் சொல்லியாக வேண்டும். நான் பலகையில் 1,465 மில்லியன் என்று எழுதிவிட்டு, 'கன அடி' என்ற அலகை எழுதாமல் விட்டுவிட்டேன். போட்டி நாளில் எங்கள் இரண்டாம் பேச்சாளர் 1,465-ஐ 180-ஆல் வகுத்து, "எட்டே நாளில் ஏரி வற்றிவிடும்!" என்று முழங்கினாள். அரங்கமே கைதட்டியது. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த எதிரணி மாணவி எழுந்து, குரலை உயர்த்தாமல், "அப்படியானால் 2004 முதல் இன்றுவரை அந்த ஏரியில் எப்படித் தண்ணீர் இருக்கிறது என்பதைத் தோழி விளக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டு அமர்ந்தாள். எங்களிடம் பதில் இல்லை. பிழை என்னுடையது, தலைகுனிந்தது அந்தப் பிள்ளை.

சரியான கணக்கு இதுதான். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். அதன்படி நிரம்பிய ஏரியின் நீர், சென்னைக்கு மட்டும் அனுப்பினால், சுமார் 230 நாள்களுக்கு வரும். இந்த ஒரே எண்ணை இரு அணியும் எடுத்தாளலாம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். எதிர்ப்பவர், ஆவியாகும் நீரையும் சம்பா சாகுபடிக்கான நீரையும் கழிக்காத நிலையிலேயே ஓராண்டுக்குப் போதவில்லை என்பார். ஆதரிப்பவரோ, கீழணையிலிருந்து வடவாறு வழியே கொள்ளிட நீர் வந்து ஏரி ஆண்டில் பலமுறை நிரம்புவதால், அதை ஒருமுறை நிரப்பிய குடத்தைப் போல எண்ணுவது தவறு என்பார். இரண்டு வாதமும் வலுவானவையே. இரண்டையும் ஒரே பிள்ளை அடுத்தடுத்துச் சொல்லிப் பழகினால், எந்தச் சீட்டு வந்தாலும் கை நடுங்காது.

மறுப்புரைக்கான குறிப்பெடுக்கும் பயிற்சிக்குத்தான் மிகுதியான நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் எதிரணி சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, வலப்பக்கம் பதிலை நான்கைந்து சொற்களுக்குள் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முயலும் பிள்ளை எதற்கும் முழுமையாகச் சொல்லாது. வலுவான மூன்று வாதங்கள் போதும். "சென்னைக்குக் குடிநீர் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை, கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டிலும் அதே அளவு எடுக்கலாமா என்பதே எங்கள் கேள்வி" என்று, ஏற்பதை ஏற்றுக்கொண்டு மறுப்பதைக் குறுக்கினால், நடுவர் நிமிர்ந்து உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன். இதற்குத் தனி வகுப்பு வேண்டாம். செய்தித்தாளின் தலையங்கத்தை ஒருவர் வாசிக்க மற்ற இருவர் குறிப்பெடுத்தால், ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

மொழியைப் பொறுத்தவரை, அடுக்குமொழியை முடிவுரையில் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். "நடுவர் அவர்களே", "எதிரணித் தோழி கூறியதுபோல" என்ற விளிகள் வழக்கமாகிவிட வேண்டும். "அவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்ற வாக்கியத்தை ஒத்திகையிலேயே தடை செய்துவிடுங்கள். முதல் மணி அடித்ததும் புதிய வாதத்தைத் தொடங்காமல், சொல்லிக்கொண்டிருப்பதை முடிக்கப் பழக்குங்கள். தரவு தேட மாவட்ட மைய நூலகம் போதுமானது. புதுச்சேரி மாணவர்களுக்கு 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. எங்கே எடுத்தாலும் ஆண்டையும் அலகையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போட்டி முடிந்த மறுநாள், கோப்பை வந்திருந்தாலும் வராவிட்டாலும், அந்த மடித்த தாள்களை வாங்கிப் பாருங்கள். இடப்பக்கம் எழுதப்பட்டு, வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரிகளே அடுத்த வாரப் பயிற்சிக்கான பாடம். எங்கள் தாளில் அப்படி இருந்த முதல் வரி, "ஏரியில் எப்படித் தண்ணீர் இருக்கிறது?" என்பதுதான்.